பாறை இன்னும் நகரவில்லை... மெரினாவுக்கு உழைப்பாளரை அழைத்துவந்த ராய் சௌத்ரியின் கதை!

நோணாங்குப்பம் ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஈ.சி.ஆர் பஸ்ஸுக்கு மாறி, சென்னைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. முதல் ஞாயிற்றுக்கிழமையே மெரினாவுக்குப் போயிருப்பாங்க. சுண்டல், பஜ்ஜி, அலையில் நனைந்த ஜீன்ஸ், அப்புறம் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் ஒரு செல்ஃபி. அந்த போட்டோ இன்னும் உங்க போனில் இருக்கலாம்.

அந்தச் சிலையைச் செய்தவர் யார்னு கேட்டால்? பெரும்பாலும் பதில் வராது. உழைப்பாளர் சிலை தெரியும், அதே மெரினாவில் கைத்தடியோடு நடக்கும் காந்தி சிலையும் தெரியும். 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில், காந்தியும் அவர் பின்னால் ஒரு வரிசை மனிதர்களும் நடந்துபோவது கூட ஞாபகம் இருக்கும். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கை என்பதுதான் நமக்குத் தெரியாது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தில் பிறந்து, வாழ்க்கையின் முக்கியமான 28 வருஷங்களைச் சென்னையில் கழித்தவர். இன்றைக்கு 'பப்ளிக் ஆர்ட்', 'இன்ஸ்டலேஷன்' என்றெல்லாம் பேசுகிறோம். டிக்கெட் இல்லாமல், காவலாளி தடுக்காமல், யார் வேண்டுமானாலும் போய் நின்று பார்க்கிற கலை. அந்த வார்த்தைகள் நம்ம ஊருக்கு வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டுப் போனவர் அவர்.

குஸ்தி, புல்லாங்குழல், களிமண்

1899-ம் ஆண்டு ஜூன் மாதம், பிரிக்கப்படாத வங்காளத்தின் ரங்க்பூர் பகுதியில் உள்ள தாஜ்ஹாட்டில் பிறந்தார். இன்றைக்கு அது பங்களாதேஷில் இருக்கிறது. வசதியான ஜமீன் பின்னணி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை அவர். குஸ்தி போடுவார், காட்டுக்குள் போய் வேட்டையாடுவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளத்தில் சிறுகதைகளும் எழுதுவார். இத்தனையும் ஒரே ஆளா என்று கேட்கத் தோன்றும். அவர் செய்த உருவங்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி அடங்கிவிடும். முதுகுத் தசை எங்கே இறுகும், தோள் எப்போது ஏறும், பாதம் மண்ணில் எப்படிப் பதியும் என்பது, உடம்பால் மல்லுக்கட்டிய ஒருத்தருக்குத்தான் அவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்.

ஓவியத்தை அபனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகன் உறவுமுறையில் வருபவர், வங்காள ஓவிய மரபின் தலைவர். மெல்லிய வண்ணம், கனவு மாதிரியான உருவங்கள், ஐரோப்பாவைக் காப்பி அடிக்காமல் நம்ம மரபிலிருந்து வரைய வேண்டும் என்ற பிடிவாதம்... இதுதான் அந்தப் பள்ளி. அதே சமயம் ஓர் இத்தாலிய ஓவியரிடம் மேற்கத்திய பாணியில் மனித உடலை வரையவும் கற்றுக்கொண்டார். சிற்பத்தை ஹிரண்மய் ராய்சௌத்ரியிடம் பயின்றார்.

அதாவது, ஒரு பக்கம் கனவு, இன்னொரு பக்கம் எலும்பும் சதையும். ஓவியத்தில் குருவின் மென்மை அவரிடம் ரொம்ப நாள் இருந்தது. களிமண்ணைக் கையில் எடுத்தபோது மட்டும் அந்த மென்மை காணாமல் போனது. அங்கே அவர் வேறு ஆள்.

30 வயதில் பிரின்சிபால்

1929-ல் அவர் மெட்ராஸ் வந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கலைப் பள்ளியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது வயது 30. அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான்.

இந்த இடத்தில் அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தன் சொந்த முயற்சியில் தொடங்கியது. இரண்டு வருஷத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கலைப் பள்ளி என்று பெயர் இருந்தாலும், ஆங்கிலேயர்களுக்கு அது முக்கியமாக ஒரு கைத்தொழில் கூடம். மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம், நகை... இப்படி. நம்ம வீட்டுச் சமையலறையில் இருக்கிற அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்தப் பள்ளிக்கும் தொடர்பு உண்டு. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இந்தியர்கள் நல்ல கைவினைஞர்கள், அவர்களுக்குப் பொருள் செய்யக் கற்றுக்கொடுத்தால் போதும் என்பதுதான் அந்தக் காலத்து நினைப்பு. கலைஞன் என்ற மரியாதை வேறு, கூலிக்கு வேலை செய்பவன் என்ற இடம் வேறு.

ராய் சௌத்ரி கைவைத்தது அந்த நினைப்பில்தான். ஓவியமும் சிற்பமும் தனித்த கலைகளாகப் பாடத்திட்டத்தில் முன்னுக்கு வந்தன. உயிருள்ள மனிதரை மாடலாக நிற்கவைத்துப் பார்த்து வரைவது, வகுப்பை விட்டு வெளியே போய் தெருவையும் மரத்தையும் கடற்கரையையும் பார்த்து வரைவது என்று பள்ளியின் பழக்கமே மாறியது. பிரின்சிபால் ரூமில் ஃபைல் பார்க்கும் அதிகாரியாக அவர் இருக்கவில்லை. பள்ளி வளாகத்திலேயே அவருடைய பட்டறையும் இருந்தது. பெரிய சிலைகள் களிமண்ணில் எழும்புவதை மாணவர்கள் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். யூடியூப் டுடோரியல் இல்லாத காலத்தில் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அங்கே படித்துப் போனவர்களின் பட்டியலைப் பார்த்தாலே புரியும். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால், பிரதோஷ் தாஸ்குப்தா, பரிதோஷ் சென்... இந்திய நவீனக் கலையின் பெரிய பெயர்கள். பணிக்கர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இளைஞர். 1936-ல், 25 வயதில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாணவராக வந்து சேர்ந்தார். இப்போ ஐ.டி வேலையை ரிசைன் பண்ணிட்டு ஃபைன் ஆர்ட்ஸ் சேர்கிற மாதிரி. வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே யூகித்துக்கொள்ளலாம்.

பீடத்தின் மேல் யார்?

அந்தக் காலத்து மெட்ராஸில் சிலை என்றால் யாருடைய சிலை? சர் தாமஸ் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருப்பார். 1839-லிருந்து அப்படித்தான் இருக்கிறார். இன்னும் ராஜா, ராணி, கவர்னர், தளபதி. நம்ம புதுச்சேரியிலும் 1870-லேயே டூப்ளேவுக்குச் சிலை வைத்தார்கள். ஆண்டவர்கள் மேலே, ஆளப்பட்டவர்கள் கீழே நின்று நிமிர்ந்து பார்க்கணும். பீடத்தின் உயரமே ஒரு பாடம்தான்.

உலகத்தில் இதை முதலில் அசைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு சிற்பி ரோடின். 1347-ல் ஆங்கிலேய ராஜாவின் முற்றுகையில் பசியால் வாடிய கலே நகரத்தைக் காப்பாற்ற, ஆறு பேர் கழுத்தில் கயிற்றோடு சரணடையப் போனார்கள். 1895-ல் திறக்கப்பட்ட ரோடினின் சிற்பத்தில் அந்த ஆறு பேரும் மாவீரர்களாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கவில்லை. பயம், தளர்ச்சி, துக்கம் எல்லாம் முகத்தில் இருந்தது. அவர்களைத் தரையிலேயே, நடந்து போகிறவர்களுக்குச் சமமாக நிறுத்தணும் என்பது ரோடினின் ஆசை.

இதில் நமக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அதே ரோடின்தான், மெட்ராஸ் மியூசியத்தில் இருந்த நடராஜர் வெண்கலச் சிலைகளின் போட்டோக்களைப் பார்த்து மயங்கி 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-ல் அது அச்சானது. எழும்பூரில் அந்த மியூசியம். ராய் சௌத்ரியின் பள்ளியும் அதே எழும்பூர் பக்கம்தான். ரோடினின் வேகத்தை ராய் சௌத்ரியின் சிற்பங்களில் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த ரோடின் நம்ம ஊர் வெண்கலத்தைப் பார்த்து வியந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை வட்டமாக முடிகிறது.

கவர்னருக்கும் சிலை, குண்டடிபட்ட மாணவனுக்கும் சிலை

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ராய் சௌத்ரி பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சம்பளக்காரர். அதிகாரிகளுக்கும் பிரபுக்களுக்கும் உருவச் சிலைகள் செய்து கொடுத்தார். 1937-ல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.ஈ பட்டத்தையும் வாங்கினார்.

ஓவியன் தன் ரூமில் தனியாக உட்கார்ந்து வரையலாம். ஆள் உயரத்துக்கு மேல் வெண்கலச் சிலை செய்பவனால் அது முடியாது. உலோகம் வேண்டும், பட்டறை வேண்டும், பத்துப் பதினைந்து உதவியாளர்கள் வேண்டும், வைக்க நிலம் வேண்டும். அதைக் கொடுக்க அரசாங்கமோ பணக்காரரோ வேண்டும். பொது இடத்துக் கலைஞனின் நிரந்தரத் தலைவலி இது. இன்றைக்கு மியூரல் வரைகிற பசங்களுக்கும் இதே கதைதான்... சுவர் யாருடையது, பெயின்ட் காசு யார் கொடுப்பது?

அந்த நெருக்கடிக்குள் இருந்துகொண்டே அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மகாராஜா, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் கதவைத் திறக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். அந்த நிகழ்வை ராய் சௌத்ரி சிற்பமாக்கினார். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் செத்துப்போனதாகக் கணக்கு. தன் சொந்த மண்ணின் அந்தப் பசி 'பசிக்கு இரையானவர்கள்' என்ற வெண்கலமாக வெளியே வந்தது.

அப்புறம் பாட்னா. 1942 ஆகஸ்ட் 11-ம் தேதி, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, அங்கே செயலகக் கட்டடத்தில் தேசியக் கொடியை ஏற்றப் போன மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஏழு பேர் இறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் வேலை ராய் சௌத்ரியிடம் வந்தது. 1956-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். முன்னால் ஒருவன் கொடியோடு பாய்கிறான், பின்னால் ஒருவர் சரிகிறார், இன்னொருவர் விழுகிறார், ஆனால் கூட்டம் முழுக்க முன்னோக்கியே சாய்ந்திருக்கிறது. விழுகிற உடம்பும் முன்னால்தான் விழுகிறது. பிரிட்டிஷ் பட்டம் வாங்கிய அதே கை, பிரிட்டிஷ் குண்டு பட்ட மாணவர்களைச் செய்தது. இதில் எது உண்மையான ராய் சௌத்ரி என்று கேட்பதைவிட, இரண்டுமே அவர்தான் என்று ஒப்புக்கொள்வது நேர்மை.

நாலு பேர், ஒரு பாறை

இப்போ மெரினாவுக்கு வருவோம்.

1950-களில் ராய் சௌத்ரி ஒரு பெரிய வேலையைக் கையில் எடுத்தார். 'உழைப்பின் வெற்றி' என்பது அதன் பெயர். நமக்கு அது உழைப்பாளர் சிலை. நாலு ஆண்கள், ஒரு பெரிய பாறை. நீண்ட கழியைக் கொடுத்து நெம்புகிறார்கள், தள்ளுகிறார்கள். இடுப்பில் சின்னத் துணி. விலா எலும்பு தெரிகிறது. கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு நேரமில்லை, வேலை இருக்கிறது. கலைப் பள்ளியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும் இதற்கு மாடலாக நின்றார்கள் என்று சொல்வதுண்டு. கவர்னர் மாடலாக உட்கார்ந்த பட்டறையில், கேட்டைத் திறந்துவிடுபவர் வெண்கலமாக நின்றார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

இத்தனை பெரிய சிலையை எப்படிச் செய்வார்கள்? முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு மாதிரி ஒரு கூடு. அதன் மேல் களிமண்ணை அப்பி உருவம் கொண்டுவரணும். ஈரம் காயாமல் தினமும் துணி சுற்றி வைக்கணும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். பிறகு பிளாஸ்டரில் அச்சு. அச்சுக்குள் மெழுகுப் படலம், மெழுகைச் சுற்றி நெருப்பு தாங்கும் மண். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்தக் காலி இடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றணும். சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதும் இதே அடிப்படைதான். சாமி சிலை பெரும்பாலும் உள்ளே கெட்டியாக இருக்கும், இந்த மாதிரி ராட்சத சிலை உள்ளே கூடாக இருக்கும். துண்டு துண்டாக வார்த்து, பொருத்தி, இணைப்பு தெரியாமல் தேய்த்து முடிப்பார்கள். கடற்கரையில் வைப்பதற்கு வெண்கலம் சரியான தேர்வு. உப்புக் காற்று இரும்பை அரித்துத் தின்றுவிடும். வெண்கலத்தின் மேல் ஒரு கருமையான படலம் உருவாகி, அதுவே உள்ளே இருக்கிற உலோகத்துக்குச் சட்டை மாதிரி பாதுகாப்பு ஆகிவிடும்.

1959 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முதல் நாள், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, கடலைப் பின்னால் வைத்து அந்தச் சிலை நின்றது. அதே 1959-ல்தான் பிரதமர் நேரு, மெரினாவில் அவருடைய காந்தி சிலையையும் திறந்துவைத்தார். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், நம்ம பாரதிதாசன் என்று வரிசையாகப் பலர் மெரினாவில் வந்து நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்பே அங்கே வந்து இடம் பிடித்தவர்கள், பெயர் இல்லாத இந்த நாலு பேர்.

அந்த மணலுக்கும் உழைப்பாளருக்கும் அதற்கு முன்பே உறவு உண்டு. இந்தியாவில் முதல் மே தினம் 1923-ல் சென்னையில்தான் கொண்டாடப்பட்டது. சிங்காரவேலர் நடத்திய இரண்டு கூட்டங்களில் ஒன்று, திருவல்லிக்கேணி கடற்கரையில். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு தேதியும் மறக்காது. 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளைக் கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு நிர்வாகத்தின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. நம்ம தாத்தாக்களின் தலைமுறை கொடுத்த விலை அது. ராய் சௌத்ரி சென்னையில் சிலை செய்துகொண்டிருந்த அதே வருஷங்கள். அந்தப் பின்னணியோடு உழைப்பாளர் சிலையைப் பார்த்தால், அது அழகுக்காக வைத்த பொம்மையாகத் தெரியாது.

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பெயர் 'உழைப்பின் வெற்றி'. ஆனால் பாறை இன்னும் நகரவில்லை. கையை உயர்த்திக் கொண்டாடும் காட்சியை அவர் செய்யவில்லை. நகரப் போகிறதா, நகராதா என்று தெரியாத அந்த நொடியில் நாலு பேரையும் நிறுத்திவிட்டார். அறுபது வருஷத்துக்கு மேலாக அவர்கள் அப்படியே நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். டெலிவரி பேக்கை மாட்டிக்கொண்டு அந்தச் சிலையைக் கடந்து பைக்கில் போகிற தம்பிக்கு, அந்த நொடி ரொம்ப நன்றாகவே புரியும்.

குறையும் சொல்லணும். நாலு பேரும் ஆண்கள். அதே கடற்கரையில் மீன் கூடை சுமக்கும் பெண்களும், நாத்து நடும் கைகளும், மில்லில் நூல் பிரித்த விரல்களும் அந்தக் குழுவில் இல்லை. இன்றைக்கு யாராவது உழைப்பாளர் சிலை செய்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

மாணவர்கள் வேறு வழியில்...

1954-ல் டெல்லியில் லலித் கலா அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ராய் சௌத்ரி. நாட்டின் கலைக்கு அரசு வைத்த உச்ச பீடத்தில் சென்னைக் கலைப் பள்ளியின் பிரின்சிபால். 1958-ல் பத்ம பூஷண். 1962-ல் அகாடமியின் ஃபெலோஷிப். 1968-ல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம்.

ஆனால் பட்டங்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் கலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவருடைய மாணவர்களுக்கு, தசையும் நரம்பும் தெரிகிற தத்ரூபச் சிற்பம் பழைய பாஷையாகத் தெரிய ஆரம்பித்தது. கோடு, குறியீடு, நாட்டார் உருவங்கள், கோயில் சிற்பத்தின் எளிமை என்று அவர்கள் தேடிப் போனார்கள். ராய் சௌத்ரிக்குப் பிறகு பிரின்சிபால் நாற்காலிக்கு வந்த பணிக்கர், 1966-ல் மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஈ.சி.ஆர் பஸ்ஸில் ஈஞ்சம்பாக்கம் வரும்போது போனிலிருந்து தலையைத் தூக்கினால் போர்டு தெரியும். கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் சுதந்திரமாகக் கலை செய்வது என்பது அவர்களுடைய திட்டம். அரசாங்கத்தையும் பணக்காரரையும் எதிர்பார்க்காமல் கலைஞன் பிழைக்க முடியுமா என்று, குருவை வாட்டிய அதே கேள்விக்குச் சிஷ்யர் தேடிய பதில் அது. தனபால் சிற்பத்தில் தன் வழியைக் கண்டுபிடித்து, பின்னாளில் அதே பள்ளிக்குப் பிரின்சிபால் ஆனார்.

குருவின் பாணியை யாரும் அப்படியே தொடரவில்லை. அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் எல்லோரும் வெளியே போனார்கள். ஒரு வாத்தியாருக்கு அது தோல்வியா, வெற்றியா? நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

500 ரூபாய் நோட்டு

ராய் சௌத்ரி 1975 அக்டோபரில், 76 வயதில் இறந்தார். ஆனால் அவருடைய பெயரில் ஒரு பெரிய சிற்பம் அதற்குப் பிறகுதான் டெல்லித் தெருவுக்கு வந்தது. 1930 மார்ச் 12-ல் காந்தி 78 பேரோடு சபர்மதியிலிருந்து உப்பு எடுக்கக் கிளம்பினார். 24 நாள் நடை. நம்ம பக்கத்தில் அதே வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்தத் தண்டி யாத்திரையை, காந்தியும் பின்னால் பத்துப் பேருமாக ராய் சௌத்ரி வெண்கலத்தில் கொண்டுவந்தார். 1982-ல் டெல்லி சர்தார் படேல் சாலையோரம் அது வைக்கப்பட்டது. 'கியாரா மூர்த்தி' என்பார்கள், அதாவது பதினோரு சிலை. ஆண், பெண், வயதானவர், வேறு வேறு மதத்தவர் என்று இந்தியாவே வரிசையில் நடக்கும். உழைப்பாளர் சிலையில் விட்டுப்போன பெண்கள் இதில் இருக்கிறார்கள்.

அந்தக் காட்சிதான் பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் ஏறியது. எத்தனை கோடிக் கைகள் அதை எண்ணியிருக்கும்? சம்பளமாக, மொய்யாக, பஸ் டிக்கெட்டுக்கு மடித்த நோட்டாக... அதைவிடப் பெரிய பொதுக் கண்காட்சி எந்தக் கலைஞனுக்குக் கிடைத்திருக்கிறது? ஆனால் நோட்டில் சிற்பியின் பெயர் கிடையாது. கவர்னரின் கையெழுத்து உண்டு.

நோணாங்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, அரியாங்குப்பத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் களிமண்ணைக் கையில் எடுத்து உருவம் செய்யப் பழகுகிறார்கள். சுண்ணாம்பாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போனால், சாயங்காலம் படகைத் தோள் கொடுத்துத் தள்ளும் ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் முன்காலை மணலில் ஊன்றி, இன்னொருவர் முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு... அந்த ஒரு நொடியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். அடுத்த முறை மெரினா போகும்போது செல்ஃபி எடுங்க, தப்பில்லை. எடுத்து முடித்த பிறகு சிலையைச் சுற்றி ஒரு முறை நடந்து, அவர்களுடைய முதுகையும் பாருங்க. முன்பக்கம் பார்த்தால் நாலு பேர் தெரிவார்கள். முதுகைப் பார்த்தால்தான் பாறையின் கனம் தெரியும்.